ஒன்றரை வருடப் பெட்ரோல்

இருபது தடவை இழுத்தாயிற்று.
தோள்பட்டைதான் சூடானது, மெசின் இல்லை.

பாயா தெருபோங் ஃபிளாட், கீழ்த்தளம்,
மோட்டோ நிறுத்தும் கொட்டகை.
எண்ணெய் சிந்தாமலிருக்க ஜெனரேட்டருக்கு அடியில் சீனப் பத்திரிகை.
நாளை செவ்வாய், பசார் மாலாம்.
விளக்கில்லாத கடையில்
யார் வந்து அப்பம் வாங்குவார்?

எதிர்க்கடையிலிருந்து ஆ லியோங் எட்டிப் பார்த்தான்.
"கார்புரேட்டர் புதுசு போடு லா, எழுபது வெள்ளி."
எழுபது வெள்ளிக்கு எத்தனை அப்பம் என்று
மனதுக்குள் சுட்டுப் பார்த்துவிட்டு
ஸ்பானரை மட்டும் கடன் கேட்டேன்.

முதலில் பிளக்.
கழற்றி, இரும்பில் சாய்த்து, கயிற்றை இழுத்தால்
நீலமாய் ஒரு சொடுக்கு.
நெருப்பு இருக்கிறது.
காற்றுப் பெட்டியைத் திறந்தேன்:
பல்லி முட்டை ஓடு இரண்டு,
வேறு குற்றமில்லை.
டாங்கியில் கிடந்ததை வடித்துப் புதுசு ஊற்றியிருந்தேன், அதுவும் போதவில்லை.
வாயில் நேராக ஒரு மூடி பெட்ரோல் விட்டு இழுத்ததும்
மூன்று நொடி உறுமி,
சொல்ல வந்ததை மறந்தவளைப் போல
நின்றுவிட்டது.

உயிர் இருக்கிறது.
அடைத்திருப்பது தொண்டை.

கிண்ணத்தைக் கழற்றுமுன்
பெட்ரோல் சாவியை மூடினேன்.
மூடும்போதுதான் உறைத்தது:
காலையில் அதைத் திறக்கப் போனபோதே
திறந்துதான் இருந்தது.
ஒரு வேலை மிச்சம் என்று நினைத்திருந்தேன்.

பத்தாம் நம்பர் போல்ட்.
கிண்ணத்தில் இருந்ததைப் பெட்ரோல் என்று சொல்ல முடியாது.
தே-ஓ நிறம், வார்னிஷ் வாடை,
தொட்டால் பலாப்பால் போல விரலோடு வந்தது.
மிதவை
மேலேயும் போகாமல் கீழேயும் வராமல்
ஒட்டிக் கிடந்தது.
பித்தளை ஜெட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன்.
ஒரு பொட்டு வானம் தெரிய வேண்டிய இடத்தில்
ஒன்றுமே இல்லை.

பாக்கியவதி ஒவ்வொரு இரவும்
சாவியை மூடிவிட்டுக் காத்திருப்பாள்.
"இருக்கிறதைக் குடிச்சு முடிக்கட்டும்க்கா,"
தானாக அடங்கும்வரை
மேசைத் துணியை மடித்துக்கொண்டு.

கடைசி இரவு மைலோ டின்னில் நாற்பது வெள்ளி குறைந்தது.
நான் எண்ணினேன், அவள் எண்ணினாள்,
மறுபடி நான் எண்ணினேன்.
சுவிட்சை அறைந்து அணைத்தேன்.
இருட்டில் அவள் சொன்னது ஒரே வார்த்தை,
"அக்கா, சாவி."

கல்லாப்பெட்டிச் சாவி என்று என் காதில் விழுந்தது.
"சாவி உனக்கெதுக்குடி இனிமே?"
அடுத்த கடை மலாய்க்காரப் பையன்கூடத் திரும்பிப் பார்த்தான்.

ஒன்றரை வருடமாய்
கேட்டவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன்,
மெசினைக் கெடுத்துவிட்டுப் போனாள் என்று.

பழைய பிரேக் கம்பியைப் பிரித்து
ஒரே ஒரு இழையை எடுத்தேன்.
ஸ்ப்ரே அடித்து, ஊறவைத்து, நுழைத்து,
திருப்பி, ஊதி, மறுபடி ஊதி,
உதட்டில் கசப்பு.
மூன்றாம் தடவை பிடித்துப் பார்த்தபோது
ஊசிமுனை வெளிச்சம். அதற்குள்
ஏழாம் மாடியில் யாரோ காயப்போட்ட
சிவப்புத் துணி.

நான்காம் இழுப்பில் பிடித்தது.
பிடித்தாலும் சீராக இல்லை.
ஏறுகிறது, இறங்குகிறது, ஏறுகிறது.
கட்டியிருந்த பல்பு
பொங்கிப் பொங்கி மங்குகிறது.
"சின்ன ஜெட் இன்னும் அடைப்பு," என்றான் ஆ லியோங்,
தலையைத் தூக்காமலே.
சோக்கைப் பாதி இழுத்து வைத்தால் அடங்கி ஓடுகிறது.
நாளைக்குப் போதும்.

சுவிட்சுக்குப் போன கையை
சாவிக்குத் திருப்பினேன்.
மூடிவிட்டு நின்றேன்.
ஒரு கிண்ணம் காலியாக
இவ்வளவு நேரமா பிடிக்கும்?
நான் ஒருநாளும் நின்று பார்த்ததில்லை.
மடிக்கத் துணியும் இல்லை கையில்.
கடைசியில் ஒருமுறை உயர்ந்து,
இருமி,
அடங்கியது.

அவளுடைய நம்பரை அன்றைக்கே அழித்துவிட்டேன்.
மோட்டோவை ஆ லியோங்கிடம்தான் விடுவாள்,
அவனிடம் இருக்கும்.
ஸ்பானரைத் திருப்பிக் கொடுக்கும்போது
கேட்க வேண்டும்.